மூன்றாமவரின் பங்கு

"சென்னைக்கு மிக அருகில்" என்பதைப் போல் கேலிக்கு ஆளான விளம்பர வாசகம் தமிழ்நாட்டில் வேறொன்று இருக்குமா தெரியவில்லை. விநாயக முருகன் அதே தலைப்பில் ஒரு நாவலே எழுதிவிட்டார். மதுராந்தகம், அச்சிறுபாக்கம், செய்யூர் என்று அந்த 'அருகில்' நீண்டுகொண்டே போனதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் கேலி விற்பனையைக் குறைக்கவில்லை. சிரித்தவர்களில் பலர் சனிக்கிழமை தொலைபேசியில் பெயர் கொடுத்துவிட்டு ஞாயிறு காலை மனைப்பிரிவுக்குப் போகும் இலவச வேனில் ஏறினார்கள், இன்றும் ஏறுகிறார்கள். விளம்பரத்தை நம்பாதவர்கள் வேறு எதை நம்பி லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள்? நுகர்வோர் நடத்தை, சந்தை அறம், பண்பாடு என்று தனித்தனியாகப் பேசப்படும் மூன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த ஒரு கேள்விக்குள் வந்து சேர்கின்றன.

முதலில் வேன். தாம்பரத்திலிருந்தோ தி.நகரிலிருந்தோ கிளம்பும். காலைச் சிற்றுண்டி நிறுவனத்தின் செலவு. மனைப்பிரிவின் முகப்பில் சிமெண்ட் வளைவு, உள்ளே வண்ணக் கொடிகள், மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள், ஷாமியானா பந்தல். பந்தலுக்குள் பெரிய வரைபடம். விற்றுப்போன மனைகளுக்குச் சிவப்பு வண்ணம். கிழக்கு பார்த்த மூலை மனை ஒன்றுதான் மிச்சம் என்பார்கள். வந்தவர்களில் ஒருவர் திடீரென்று எழுந்து முன்பணம் கொடுப்பார். அவரும் நம்மைப் போல வாங்க வந்தவர்தானா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றாது. மதியம் பிரியாணி. இன்றே பதிவு செய்தால் தங்கக்காசு, பத்திரச் செலவு இலவசம். வேண்டாம் என்று சொல்பவருக்கும் ஊர் திரும்ப அதே வேன்தான். அது சாயங்காலம்தான் கிளம்பும்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தில் வாடிக்கையாளரைச் சிக்கவைக்கும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. போலி அவசரம், கட்டாயச் செயல், தூண்டில் காட்டி வேறொன்றை விற்பது, கடைசி நேரத்தில் கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது, விளம்பரத்துக்கு வேறு வேடம் போடுவது ஆகியவை அதில் உண்டு. வேனில் போய் வந்த எவருக்கும் இவற்றில் பாதி பழக்கமானவை. செயலி எழுதும் பொறியாளர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பந்தலுக்குள் பல ஆண்டுகள் நடந்ததைத் திரைக்குள் கொண்டுவந்தார்கள்.

பிரியாணியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இலவசமாக ஒன்றைப் பெற்றுக்கொண்டவர் பதிலுக்கு ஏதாவது செய்ய உந்தப்படுகிறார் என்று ராபர்ட் சியால்டினி 1984இல் எழுதிய புத்தகம் விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் வேதமாகிவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்ட சமூகத்துக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை. வீட்டு வாசலில் விற்பவரிடம் கதவைச் சாத்தக் கூசாதவர்கூட, காலையிலிருந்து 'சார் தண்ணி குடிங்க, அம்மா நிழல்ல உக்காருங்க' என்று உபசரித்த இளைஞனிடம் வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிறார். நம்மிடம் இதற்கு முகதாட்சண்யம் என்று பெயர். இது மடமையின் அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் மதித்து வாழ உதவும் குணம் அது. அந்த நல்ல குணத்தைத்தான் வியாபாரம் பிடித்துக்கொள்கிறது. ஆசையைத் தூண்டி விற்பதைவிட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

சந்தையியல் நூல்கள் பெரும்பாலும் இருவரைப் பற்றியே பேசுகின்றன. வான்ஸ் பேக்கார்ட் 1957இல் விளம்பரக்காரர்கள் நம் ஆழ்மனத்தைத் துருவுகிறார்கள் என்று எச்சரித்தார். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டு, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுப்போகும் என்று காட்டினார். இரண்டிலும் ஒருபக்கம் விற்பவர், மறுபக்கம் வாங்குபவர். செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் எந்த வியாபாரத்தைத் தொட்டாலும் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றாமவர் உறவினராக இருப்பார், அலுவலக நண்பராக, கார் ஓட்டுநராக, வழிகாட்டியாக, சீரியல் நடிகராக, இன்ஸ்டாகிராமில் நாம் தினமும் பார்க்கும் பெண்ணாக இருப்பார். நாம் நம்புவது அவரை. அவருக்குக் காசு கொடுப்பவர் விற்பவர். அதை நம்மிடம் யாரும் சொல்வதில்லை. நவீன விற்பனையின் அறச் சிக்கல் முழுவதும் இதில் அடங்காது என்றாலும், பெரும்பகுதி இதற்குள் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையின் இருபுறமும் சிற்பக் கடைகள். சென்னையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வந்த கார் குறிப்பிட்ட ஒரு கடை வாசலில் நிற்கும். 'வாங்க வேணாம் சார், சும்மா பாருங்க' என்பார் ஓட்டுநர். உள்ளே பில் போடும்போது எந்த வண்டியில் வந்தார்கள் என்பதும் கணக்கில் ஏறும். ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் உரிய பங்கு பிறகு போய்ச் சேரும். எத்தனை சதவீதம் என்பது கடைக்குக் கடை, சீசனுக்குச் சீசன் மாறும். அதைவிட முக்கியமானது, அந்தப் பங்கைக் கொடுத்தும் கட்டுப்படியாகும்படி விலையை முன்கூட்டியே வைத்துவிடுவதுதான். ஆகவே யாரும் அழைத்து வராமல் தானாக நடந்து வந்தவரும் வராத ஓட்டுநருக்குச் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். அவர் பேரம் பேசி விலையைக் குறைத்தால், குறைவது பெரும்பாலும் உளி பிடித்தவரின் கூலியில்தான்.

இந்த ஊரின் கைவினைக்குக் கிடைத்த பட்டயங்களுக்குப் பஞ்சமில்லை. யுனெஸ்கோ 1984இல் நினைவுச்சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகக் கைவினை மன்றம் 2015இல் இதைக் கற்சிற்ப நகரம் என்று அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இயங்குகிறது; கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். புவிசார் குறியீடு பொருள் எந்த ஊரைச் சேர்ந்தது என்று சொல்கிறது. ஆனால் கடையில் முன்னூறு ரூபாய்ப் பிள்ளையாரைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது உளியால் செதுக்கியதா, இயந்திரத்தில் கடைந்ததா, கல்தூளைப் பிசினில் குழைத்து வார்த்ததா என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கிறார். ஓட்டுநர் தலையசைக்கிறார்.

அதே தெருவில் இன்னொரு சந்தையும் உண்டு. கோயிலுக்கு மூலவர் செய்யச் சொல்லி வரும் திருப்பணிக் குழுவினர் ஓட்டுநர் பேச்சைக் கேட்டு வருவதில்லை. முன்பு சிலை வாங்கிய ஊரில் விசாரித்துவிட்டு ஸ்தபதியை நேராகத் தேடி வருகிறார்கள். கல்லைத் தட்டி ஓசை பார்த்து ஆண் கல், பெண் கல் என்று அவர் பிரிப்பதைக் கூட நின்று பார்க்கிறார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு வேலை நடுவில் இரண்டு முறையாவது வருகிறார்கள். குறை இருந்தால் அது கும்பாபிஷேகத்தன்று ஊர் முன்னால் தெரிந்துவிடும். ஸ்தபதியின் பெயர் அதோடு போகும். இங்கே யாருக்கும் நுகர்வோர் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. மறுபடியும் முகம் பார்க்க வேண்டிய உறவில் ஒருவிதமாகவும், மறுநாள் விமானம் ஏறிவிடுபவரிடம் வேறுவிதமாகவும் ஒரே கைகள் விற்கின்றன. பண்பாடு அழிந்துவிட்டது என்று புலம்புவதற்கு முன்னால் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அரசும் விற்பனையாளர்தான். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தார்கள். அந்த மாதமே, அதுவரை யாரும் சும்மா போய்ச் சாய்ந்து நின்று படம் எடுத்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்குத் தொல்லியல் துறை 40 ரூபாய் கட்டணம் போட்டது, வெளிநாட்டவருக்கு 600. 2022 ஜூலை, ஆகஸ்டில் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை மாநிலத்தின் ஒவ்வொரு சுவரிலும் நின்றது. அதே ஆண்டு வெளியான சுற்றுலாப் புள்ளிவிவரத்தில், 2021-22இல் அதிக வெளிநாட்டவர் வந்த நினைவுச்சின்னம் மாமல்லபுரம்தான் என்ற செய்தி எல்லோரையும் பூரிக்க வைத்தது. வந்தவர்கள் 1,44,984 பேர். தாஜ் மகாலை முந்திவிட்டோம் என்றார்கள். தாஜ் மகாலுக்கு அந்த ஆண்டு வந்த வெளிநாட்டவர் 38,922 பேர். பெருந்தொற்றால் உலகமே பூட்டிக் கிடந்த காலம் அது என்பதை அந்த இரண்டாவது எண் சொல்லிவிடும். முதல் எண்ணை மட்டும் உரக்கச் சொல்வது பொய்யல்ல. மனை விற்பவர் நல்லதை மட்டும் சொல்வதும் அதே வகைதான்.

நிலத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் அதிகம் விற்கப்படும் பொருள் அதுதான். அருகில் இருப்பது எது என்று விளம்பரம் சொல்வது காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஒருகாலத்தில் மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலை எத்தனை நிமிடம் என்று எழுதினார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் அந்த வரி காணாமல் போனது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு எல்லாத் தூரமும் அங்கிருந்து அளக்கப்படுகிறது. ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய பகுதி இது. பயிருக்கு நீர் கொடுத்த ஏரிகள் விளம்பரத்தில் 'லேக் வியூ' ஆகின்றன. ஆயக்கட்டு நிலம் மனையாகிறது. மதகு திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது வரைபடத்தில் இருப்பதில்லை.

இடையில் இருப்பவரின் பங்கு மறைக்கப்படாத காலமும் இதே மண்ணில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1763இல் ஜாகீராகக் கிடைத்த செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளையும் அதே காலத்து ஓலைகளையும் வரலாற்று ஆய்வாளர் தரம்பாலும் அவர் வழிவந்த சென்னைக் கொள்கை ஆய்வு மைய அறிஞர்களும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கு மேல்வாரம், குடிகளுக்குக் குடிவாரம் என்று பிரிக்கும் முன்பே பலருக்கான மேரை அளக்கப்படும். கோயிலுக்கு இவ்வளவு, கணக்கனுக்கு, தலையாரிக்கு, தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதனுக்கு இவ்வளவு என்று ஊரார் கண்முன் மரக்கால் பேசும். இடையில் இருப்பவருக்குப் பங்கு உண்டு, அது எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்பது அந்த முறையின் இயல்பு.

இதை வைத்துப் பொற்காலம் பாட எனக்கு விருப்பமில்லை. அந்தக் களத்திலேயே நெல்லை விளைவித்த பண்ணையாட்களுக்கு நிலம் கிடையாது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அனுப்பிய அறிக்கைதான் மறு ஆண்டு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பல கைமாறின. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். மனை விளம்பரத்தில் தூரம் உண்டு, சதுர அடி விலை உண்டு, கடன் தரும் வங்கிகளின் பட்டியல் உண்டு. இந்த மண் யாரிடமிருந்து வந்தது என்பது இருக்காது. வாங்குபவருக்கு இழைக்கப்படும் ஏமாற்றை மட்டுமே நுகர்வோர் அறம் என்று எண்ணுகிறோம். பந்தலுக்கே வராத மூன்றாமவர்களுக்கு இழைக்கப்படுவதற்கு அந்தப் பாடத்தில் அத்தியாயம் இல்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது வெளியே வந்தது. மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் பதிவு பெறாமல் விளம்பரமே செய்யக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுமுறை செய்தால் 50 லட்சம் வரை அபராதம் என்றது. பரிந்துரைத்த பிரபலத்துக்கும் அந்த அபராதம் உண்டு. ஓராண்டு எதையும் பரிந்துரைக்கத் தடையும் போடலாம். மனை விளம்பரத்தில் செம்மண்ணில் நடந்து வரும் நடிகர் அந்த மனையைப் பற்றி உரிய விசாரணை செய்தாரா என்று கேட்கும் அதிகாரம் இப்போது இருக்கிறது. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள், விளம்பரதாரருக்கும் பரிந்துரைப்பவருக்கும் பண உறவு இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்றன.

ஆக, பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்லும் கடமை திரையில் தோன்றுபவருக்கு வந்துவிட்டது. மனை வாங்கச் சொல்லி வீட்டுக்கு வரும் சித்தப்பாவுக்கு வரவில்லை. ரெரா, முகவரைப் பதிவு செய்யச் சொல்கிறது, பொய் சொல்லாதே என்கிறது. விற்பவரிடமிருந்து எனக்கு இவ்வளவு வருகிறது என்று வாங்குபவரிடம் சொல் என்ற வரி அதில் இல்லை. முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. மியூச்சுவல் ஃபண்டில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2009இல் நுழைவுக் கட்டணத்தை ஒழித்தது. 2016 முதல் முதலீட்டாளருக்குப் போகும் அரையாண்டு அறிக்கையிலேயே விநியோகஸ்தர் பெற்ற கமிஷன் ரூபாயில் அச்சாகிறது. அதைப் பார்த்து எல்லோரும் முகவரை விட்டு ஓடிவிடவில்லை. சிலர் ஓடினார்கள், சிலர் இவ்வளவு வாங்குகிறாரே, நாலு கேள்வி கேட்போம் என்று கேட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் சேமிப்புக்கு இருக்கும் இந்த வெளிச்சம், ஆயுள் சேமிப்பையே கொட்டி வாங்கும் மனைக்கு ஏன் இல்லை என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

வாங்குபவர் ஏமாளியாக மட்டும் இருந்தால் இந்தக் கதை எளிதாக முடிந்துவிடும். அவரும் கூட்டாளிதான். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை எழுதி மிச்சத்தை ரொக்கமாகக் கொடுக்கச் சம்மதிப்பவர் அவர். வீடு கட்டிக் குடிவரும் எண்ணம் இல்லாமல், ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்று மட்டும் நினைத்து வாங்குபவரும் அவரே. தேக்கு வளர்த்து லாபம் தருவதாகப் பணம் திரட்டிய அனுபவ் தேக்குப் பண்ணைத் திட்டம் 1998இல் சரிந்தபோது வளராத மரத்தின் மேல் பந்தயம் கட்டியவர்கள் நடுத்தர வர்க்கத்துப் படித்தவர்கள். தாய்ப்பத்திரம் கேட்டால் சித்தப்பா கோபித்துக்கொள்வார், வில்லங்கச் சான்று கேட்டால் நம்பிக்கை இல்லையா என்பார் என்று கூசுபவர், அதே நாளில் மாமல்லபுரத்துச் சிற்பியிடம் எந்தக் கூச்சமும் இல்லாமல் பாதி விலைக்குக் கேட்கிறார். முகதாட்சண்யத்துக்கும் ஆள் பார்க்கத் தெரியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு தலைமுறை இதையே வேறு உடையில் செய்கிறது. விடுதியில் ஓர் இரவு இலவசத் தங்கலுக்குப் பதிலாக ஒரு ரீல். 'பிரைவேட் பீச்' என்று சொல்லியபடி அலையில் கால் நனைப்பார்கள். கடற்கரை புறம்போக்கு, அங்கே வலை உலர்த்தும் குப்பத்துக்காரருக்கு அதில் நடக்க உள்ள உரிமை விடுதி உரிமையாளருக்கு உள்ளதைவிடக் குறைந்ததல்ல. இத்தனைக்கும் நேர்மையான விற்பனை இந்தச் சாலையில் இல்லாமல் இல்லை. முட்டுக்காடு தட்சிணசித்ரா 1996 முதல் பழைய வீடுகளையும் கைத்தொழிலையும் நுழைவுச்சீட்டு போட்டுக் காட்டுகிறது. எதை எதற்கு விற்கிறார்கள் என்பதில் மறைவு இல்லை. கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளியைக் கட்டி எழுப்பினார். குப்பத்துப் பிள்ளைகள் ஆசிரியர்கள் ஆனார்கள், நிறுவன விளம்பரதாரர்களும் வந்தார்கள். 2021இல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று வந்தது. சந்தை வந்தால் பண்பாடு செத்துவிடும் என்பவர்கள் கோவளத்தை விளக்க வேண்டியிருக்கும்.

கமிஷனை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல தரகர் பட்டாவையும் வில்லங்கத்தையும் நம்மைவிட நன்றாகப் படிப்பார். அந்த அறிவுக்குக் கூலி உண்டு. மாமல்லபுரத்தில் ஒவ்வொரு கடையும் பில்லிலேயே 'அழைத்து வந்தவர் பங்கு' என்று ஒரு வரி அடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். வாங்குபவர் அதைக் கழிக்கச் சொல்வார். கடைக்காரர் கழிப்பார், விலையும் கொஞ்சம் இறங்கும், சிற்பியின் கூலிக்கு இடம் கிடைக்கலாம். ஓட்டுநர் அந்தக் கடைப் பக்கமே வண்டியைத் திருப்ப மாட்டார். அவர்மேல் கோபப்படுவது எளிது. காலை ஐந்து மணிக்கு விமான நிலையத்தில் ஆளை ஏற்றி, இரவு புதுச்சேரியில் காருக்குள்ளேயே படுத்துத் தூங்குபவருக்குச் சுற்றுலா நிறுவனம் குறைந்த பேட்டா கொடுப்பதே, மிச்சத்தைக் கடைகள் கொடுத்துவிடும் என்ற கணக்கில்தான். பேட்டாவை ஏற்றினால் சுற்றுலாப் பொதியின் விலை ஏறும். விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பயணி அடுத்த நிறுவனத்துக்குப் போவார். அந்த நிறுவனத்தின் ஓட்டுநர் அவரைக் கடை வாசலில் இறக்குவார்.